தம்புரா கேட்கிறதா?

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்துக்குத் தெற்கே இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் என் அத்திம்பேர் இருக்கிறார். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்தான். அக்கா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக அவர் சபா சபாவாக அலைந்ததைப் பார்த்தவள். இனிமேலாவது வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

மார்கழிக்குச் சற்று முன்னால் போன் செய்தார். "நீதானே இதெல்லாம் எழுதறே? ஒருத்தர் ஸ்பாட்டிஃபைங்கறார், ஒருத்தர் ஆப்பிள்ங்கறார், அமெரிக்காவிலேர்ந்து பையன் டைடல்ங்கறான். எதுக்குப் பணம் கட்டறது? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

போனில் சொல்ல முடியவில்லை. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக் கூடத்தில் கழிந்தன. அடையாறிலிருந்து ஒரு நண்பர் தன் ஸ்ட்ரீமர் பெட்டியையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்தார். தியாகராய நகரிலிருந்து இன்னொருவர். அவருக்கு இளையராஜாதான் எல்லாம். எதைக் கேட்டுப் பார்ப்பது, எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்திம்பேர் ஒரே விதிதான் வைத்தார்.

"பாட்டு எல்லாத்துலயும் கேக்கும்டா. தம்புரா கேக்கறதா பாரு."

மூன்று வாரம் கழித்து யோசித்தால், ஒலித்தரத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு வழிகாட்டியது.

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன். சி.டி.யில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இரண்டு சானலும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேரக் கச்சேரி கிட்டத்தட்ட 635 மெகாபைட். இணையத்தில் இதை அப்படியே அனுப்புவது ஒரு காலத்தில் கட்டுப்படியாகவில்லை. அதனால், காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட ஒலிகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும் முறைகள் வந்தன. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலி காதில் விழாது என்பதுதான் அந்தக் கணக்கு. யூடியூப் மியூசிக் அதிகபட்சம் 256 கிலோபிட் தருகிறது. ஸ்பாட்டிஃபையின் பழைய உச்சம் 320. 'லாஸ்லெஸ்' என்பது எதையும் தள்ளாமல் மடித்து அனுப்புவது. விரித்தால் சி.டி. அப்படியே வந்துவிடும்.

ஆப்பிள் மியூசிக் 2015இல் உலகெங்கும் தொடங்கிய அன்றே இந்தியாவிலும் தொடங்கியது. 2021இல் கூடுதல் கட்டணம் கேட்காமல் லாஸ்லெஸ் கொடுத்தது; 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. ஸ்பாட்டிஃபை 2021இலேயே லாஸ்லெஸ் தருவதாக அறிவித்துவிட்டு, 2025 செப்டம்பரில்தான் தரத் தொடங்கியது. இந்தியாவில் அது அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளாட்டினம் சந்தாவில் கிடைக்கிறது. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை. ஹைஃபை பிரியர்கள் வெளிநாட்டில் கொண்டாடும் டைடலும் கோபஸும் இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கடை விரிக்கவில்லை. வெளிநாட்டு அட்டையைக் கொண்டு, வேறு தேசத்து முகவரியைக் கொடுத்து வாங்கிக் கேட்பவர்கள் இந்த ஊரில் உண்டு. எழுபது வயதுக்காரருக்கு அந்த வித்தையை நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் கதவு சாத்தப்பட்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

முதல் ஞாயிறு

ஒரே பதிவை 320 கிலோபிட்டிலும் லாஸ்லெஸ்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். எது ஓடுகிறது என்பது அடையாறு நண்பருக்கு மட்டுமே தெரியும். முதல் சுற்றில் எங்கள் மூவருக்கும் லாஸ்லெஸ் அப்பட்டமாக மேலாகத் தெரிந்தது. நண்பர் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார்: அதன் ஒலியளவு ஒரு மயிரிழை கூடுதலாக இருந்திருக்கிறது. சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்ததாக எடுத்துக்கொள்வது காதின் சுபாவம். எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் என்ற ஏற்பாடு ஒரு சேவையில் இயங்கிக்கொண்டிருக்க, இன்னொன்றில் அணைந்திருந்தது. அதை இரண்டிலும் அணைத்து, ஒலியளவைச் சமமாக்கி மறுபடி கேட்டோம். இப்போது எங்கள் சரியும் தவறும் பாதிக்குப் பாதி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அதே கணக்குதான் வரும்.

எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. பதினைந்து வருஷமாக லாஸ்லெஸ்ஸுக்கு வக்காலத்து வாங்கி எழுதியவன் நான்.

அன்று மாலை கிளம்பும் நேரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. அத்திம்பேர் தனக்கு மனப்பாடமான ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போடச் சொன்னார். ஒரே சேவையில், ஒரே லாஸ்லெஸ் முத்திரையுடன், அந்தப் பதிவு இரண்டு ஆல்பங்களாக இருந்தது. அட்டைப்படம் வேறு, ஆண்டு வேறு. ஒன்றில் ஒலிநாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் அடியில் ஓடியது. அதோடு தம்புராவும் ஓடியது. மற்றதில் இரைச்சலைத் துடைத்துவிட்டிருந்தார்கள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சூனியம்.

"தம்புரா எங்கேடா போச்சு?" என்று அத்திம்பேர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கே போயிற்று என்பதற்கு விடை உண்டு. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் துண்டு வைக்கிறோம். தந்தி அந்த இடத்தில் லேசாக உரசி அதிர்வதால்தான் ரீங்காரமும் மேல் ஸ்தாயிச் சுநாதங்களும் எழுகின்றன. இரைச்சல் நீக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது? பதிவு முழுக்க மாறாமல், நிற்காமல் இருக்கும் ஒலி எதுவோ அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கழிக்கிறது. கச்சேரியில் மாறாமலும் நிற்காமலும் ஒலிப்பது சுருதிதான். ஒலிநாடாவின் இரைச்சலும் தம்புராவின் ரீங்காரமும் அதன் கண்ணுக்கு ஒரே ஜாதி. கவனமில்லாதவர் கையில் சிக்கினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். அப்படித் துடைத்த பிரதியை 24 பிட்டில் கொடுத்தால் என்ன, 192 கிலோஹெர்ட்ஸில் கொடுத்தால் என்ன? போனது திரும்பாது.

ஆகவே, சேவைகளைப் பிட்ரேட்டில் ஒப்பிடுவதைவிட, நீங்கள் உயிராக நினைக்கும் பத்துப் பதிவுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றின் எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று தேடுவதே உருப்படியான வேலை. எல்லாச் சேவைகளும் இலவசமாகவோ சோதனைக் காலமாகவோ சில நாள் கேட்க விடுகின்றன. அந்த நாட்களை இதற்குச் செலவழியுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: ஒரு காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை இல்லை. தவறான வேகத்தில் ஓட்டிப் பிரதி எடுத்தால் சுருதியே அரைக் கட்டை ஏறிவிடும். பெரியவர்களின் குரல் குழந்தைக் குரல் மாதிரிக் கேட்டால் அந்தப் பிரதியை விட்டு நகர்ந்துவிடலாம்.

தியாகராய நகர் நண்பரின் கவலையும் இதேதான், ராகம்தான் வேறு. இளையராஜாவின் ஒரு பாட்டைத் தேடினால் மூலப் பதிவு, தொகுப்பு ஆல்பத்துப் பிரதி, ரீ-மாஸ்டர், கீபோர்டு வைத்து யாரோ மறுபடி பாடியது என்று வரிசையாக வந்து நிற்கின்றன. 1978இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடது ஸ்பீக்கரில் ஒரு கிடார், வலதில் ஒரு வயலின் கூட்டம் என்று அவை விரிய வேண்டும். அவர் கண்டெடுத்த ஒரு பிரதியில் எல்லாம் நடுவில் குவிந்து கிடந்தன. இசைத்தட்டில் மெல்லப் பாடிய இடமும் ஓங்கிய இடமும் புதுப் பிரதியில் ஒரே உயரத்தில் வந்து முட்டுகின்றன. காரில் கேட்பவருக்காக நசுக்கியது, கூடத்தில் நல்ல ஸ்பீக்கர் வைத்தவரைத் தண்டிக்கிறது. அவர் இப்போது ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பிரதி நல்லது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் செய்த மிக நல்ல இசைச் செலவு அந்த நோட்டுதான்.

தேடினால் கிடைக்க வேண்டாமா?

'பைரவி' என்று தேடினால் 1978இல் வந்த ரஜினிகாந்த் படத்தின் பாட்டு வருகிறது. தோடியை எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தேடினால் இன்னொன்று அகப்படாது. எம்.எஸ். சுப்புலட்சுமியே பெயரில் புள்ளி வைத்து ஒருவராகவும் வைக்காமல் இன்னொருவராகவும் இருக்கிறார். இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாடியவர் பெயர் இருக்கும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு மனசு ஆறாதது பக்கவாத்தியக்காரர்களின் பெயர் காணாமல் போனதுதான். இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அச்சிட்டிருப்பார்கள். நாங்கள் அதைப் படித்துத்தான் வளர்ந்தோம். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரி என்பதற்காகவே ஒரு பதிவைத் தேடிப் போகிற ரசிகர் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சேவைகளில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் வாசித்ததில் ஒரு சிறு பகுதிதான் வருகிறது. மேல்நாட்டுச் செவ்வியல் இசைக்கு இந்தக் குறை இருந்தபோது ஆப்பிள் தனியாக ஒரு செயலியையே கொண்டுவந்தது, 2023இல். இயற்றியவர், நடத்துநர், வாத்தியக்காரர் என்று எந்த வழியாகவும் தேடலாம். கர்நாடக இசைக்கு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் என்று நான்கே நான்கு கட்டம் போதும். 2017இல் யுனெஸ்கோ இசை நகரம் என்று பெயர் கொடுத்த ஊர் இது. இந்த ஊர்ச் சந்தாதாரர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ராகம் தானம் பல்லவியின் கதை இன்னொன்று. சி.டி.யில் ராகம் ஒரு துண்டு, தானம் ஒரு துண்டு, பல்லவி ஒரு துண்டு என்று எண் கொடுத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒலி அறுபடாமல் போகும். ஒரு சேவையில் அந்த இடத்தில் அரை வினாடி இருட்டு விழுந்தது. தானம் முடிந்து பல்லவியை எடுக்கும் இடத்தில், தம்புராவோடு சேர்த்து எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. இரண்டாம் ஞாயிறு முழுவதும் இந்த ஒரு சோதனைக்கே போயிற்று. இடைவெளியில்லாத 'கேப்லெஸ்' ஓட்டம் செயலியில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஸ்ட்ரீமர் பெட்டியிலும் இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போதே ஒரு பல்லவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டிக்கு எப்படி வந்து சேர்கிறது

கையில் இருக்கும் போனிலிருந்து புளூடூத் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பினால் லாஸ்லெஸ் சந்தா வீண். புளூடூத் தன் பங்குக்கு மறுபடி சுருக்கிவிடும். ஸ்பாட்டிஃபையின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் முறையில் போன் வெறும் ரிமோட். பாட்டை ஸ்ட்ரீமர் பெட்டியே நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. நடுவில் போன் வந்தாலும் பாட்டு நிற்காது. ஆப்பிள் மியூசிக் பெரும்பாலான ஸ்ட்ரீமர் பெட்டிகளில் நேரடியாக இல்லை. அதை முழுத் தரத்தில் கேட்க எளிய வழி, ஐபோனையோ மேக்கையோ யூஎஸ்பி கம்பியால், எண்ணை ஒலியாக்கும் டாக் பெட்டியோடு இணைப்பது. மேக்கில் மாதிரி வீதத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை அளந்தது என்ற எண்ணை, பதிவுக்குப் பதிவு நீங்களே மாற்றிக்கொடுக்க வேண்டும். ஐபோன் தானாக மாற்றிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் முதல் நாளே செட்டிங்ஸுக்குள் போய், ஒலித்தரத்தை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து உச்சத்துக்குத் தள்ளிவிடுங்கள். நார்மலைசேஷனை அணையுங்கள். கச்சேரி முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடும் ஏற்பாட்டையும் அணையுங்கள். மங்களம் முடிந்த கையோடு குத்துப்பாட்டு வந்து விழுந்ததில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள்.

கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை அடுக்குமாடியில் தரை வழவழப்பான டைல்ஸ், சுவர் சிமெண்ட், தலைக்கு மேல் மின்விசிறி. ஒலி நான்கு பக்கமும் பட்டுத் தெறிக்கிறது. பவானி ஜமக்காளம் ஒன்றை ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே விரித்தோம். கனமான திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டோம். எம்.டி. ராமநாதனின் குரல் அதற்கு முன்னால் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு தெளிந்தது. ஒரு கட்டைக்கும் கீழே, அடிவயிற்றிலிருந்து பாடிய அவரைப் போல் ஒரு கூடத்தின் குறையைக் காட்டிக்கொடுக்கும் குரல் வேறில்லை. பிறகு விசிறியை நிறுத்தினோம். நவம்பர் மாதம் என்பதால் முடிந்தது. அதுவரை 320ஆ லாஸ்லெஸ்ஸா என்று அடித்துக்கொண்டவர்கள், விசிறி நின்றதும் வந்த வித்தியாசத்தைக் கேட்டு வாயடைத்துப் போனோம். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் ஸ்பீக்கர் கம்பியின் முனைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றித் துடையுங்கள். உப்பு அரித்துவிடும்.

வாடகை வீடும் சொந்த வீடும்

சந்தா என்பது வாடகை வீடுதான். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகமா நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, சரிகமாவின் பாடல்களை ஸ்பாட்டிஃபை எடுத்துவிட வேண்டியதாயிற்று. சரிகமா என்றால் பழைய ஹெச்.எம்.வி. 1963இல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ்ஸின் வேங்கடேச சுப்ரபாதம் அந்த நிறுவனத்துடையது. 2020இல் இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு வரும்வரை ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பணம் கட்டியவருக்கும் அந்தச் சொத்து கிடைக்கவில்லை. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் 2024இல் போனது. இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்ற வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் எத்தனையோ வருஷமாக நடந்துவந்திருக்கின்றன. அதில் ஒரு தீர்ப்பு எந்தப் பாட்டை எங்கிருந்து எடுக்கும் என்று சந்தாதாரர் முன்கூட்டி அறிய வழியில்லை.

கர்நாடக இசையில் பிரச்சினை இன்னும் ஆழமானது. இந்த இசையின் பெரும் பகுதி எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகவே இருந்ததில்லை. மதுரை மணி ஐயர் வணிக இசைத்தட்டுகளுக்கு அதிகம் பாடியவரில்லை. இன்று நாம் அவரைக் கேட்பது சபாக்களிலும் வானொலியிலும் யார் யாரோ பிடித்துவைத்த ஒலிநாடாக்களால். மூன்று நிமிஷத் தட்டில் அடங்காத நிரவல்களும் தனி ஆவர்த்தனங்களும் அந்த நாடாக்களில்தான் பிழைத்தன. ரசிகர்கள் காசு பார்க்காமல் பகிர்ந்துகொள்ளும் சங்கீதப்ரியா தளமும், மியூசிக் அகாடமியில் உட்கார்ந்து கேட்கக்கூடிய டேக் (TAG) நிறுவன ஆவணக் காப்பகமும் காப்பாற்றி வைத்திருப்பது சந்தாச் சேவைகளில் இல்லாத ஓர் உலகம். அகாடமிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பகலை அங்கே செலவிட்டுப் பாருங்கள்.

யூடியூபைப் பற்றி எனக்கு இருந்த அலட்சியமும் இந்த மூன்று வாரத்தில் போய்விட்டது. 2020 மார்கழியில் சபாக்கள் இணையத்துக்குப் போனதிலிருந்து அங்கே கச்சேரிகள் குவிந்திருக்கின்றன. மெட்ராசனா போன்ற அமைப்புகள் சின்ன அறையில், மிகுந்த கவனத்தோடு பதிவு செய்து போடுகின்றன. யூடியூப் காணொளியில் வரும் ஒலி பொதுவாக 160 கிலோபிட்டைத் தாண்டாது. எங்கள் பட்டியலிலேயே குறைந்த எண் அதுதான். அந்தக் கூடத்தில் அத்திம்பேர் முதன்முதலாக "ஆ, இதோ கேக்கறது பார்" என்று சொன்னது அப்படி ஒரு பதிவுக்குத்தான். மைக்கே வேண்டாம் என்று வாசித்த பாலக்காடு மணி ஐயர் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்று அப்போது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

அத்திம்பேருக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவரிடம் ஐபோன் கிடையாது. கண் மங்கல். தொட்டால் பெட்டி பாட வேண்டும். அதனால் ஸ்பாட்டிஃபை, கனெக்ட் உள்ள சின்ன ஸ்ட்ரீமரோடு. பிளாட்டினம் வேண்டாம், கீழ்ச் சந்தாவே போதும். மிச்சப் பணம் ஜமக்காளத்துக்குப் போயிற்று. அடையாறு நண்பரிடம் மேக்கும் டாக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. காசு கூடக் கொடுக்காமல் லாஸ்லெஸ் வருகிறதென்றால் ஆப்பிளை விட்டு அவர் ஏன் நகர வேண்டும்? தியாகராய நகர்க்காரர் இரண்டையும் ஒரு மாதம் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது ஞாயிறு, எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, அத்திம்பேர் அலமாரியைத் திறந்து காட்டினார். இருநூறுக்கும் மேல் கேசட்டுகள். முதுகில் அவர் கையெழுத்தில் தேதி, சபா, பாடியவர், வயலின், மிருதங்கம், கடம். பாதி வானொலியிலிருந்து பிடித்தவை. பாதி, அனுமதி வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து பிடித்தவை. சந்தாச் சேவைகளில் நான் தேடித் தேடிக் காணாத பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் அந்த முதுகுகளில் இருந்தன. டெக்கில் ஒன்றைப் போட்டோம். ஓடவில்லை. பெல்ட் இளகிப் பிசினாகி மோட்டாரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிச்சி தெருவில் பழைய டெக்குகளைப் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பெல்ட் வந்துவிடும் என்றார். முதலில் எந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது என்று அத்திம்பேர் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். நேற்று இரவு போன் செய்து மூன்றாவது தடவையாக மாற்றிச் சொன்னார்.